பேசாமல் எடுக்க வேண்டிய படம்

ஐயா செல்வம், இந்தக் கடிதத்தில் இருக்கிற கையெழுத்து உன் அம்மாவுடையது, பேச்சு என்னுடையது. நான் மெல்லச் சொல்ல, அவள் அடுப்படி வாசலில் பலகை போட்டு உட்கார்ந்து எழுதுகிறாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள் என்கிற மிடுக்கு இன்னும் போகவில்லை. கெட்ட வார்த்தை வந்தால் எழுதமாட்டாளாம், விட்டுவிடுவாளாம். விட்ட இடத்தில் நீயே போட்டுப் படித்துக்கொள். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ என்னை முடிக்க விடுவதில்லை, முடிக்கத் தொண்டையும் விடுவதில்லை. வாட்ஸப்பில் படம் பிடித்து அனுப்பிவிடுவோம் என்றாள். வேண்டாம் என்றேன். அதில் வருவதை நீ பஸ்ஸில் நின்றுகொண்டே பெருவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாய். தபாலில் வந்தால் உறையைக் கிழிக்கவாவது ஓரிடத்தில் உட்காரவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினாய். சென்னையில் பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டதாகவும், ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிவிட்டதாகவும், கட்டி இன்னொரு பக்கமும் பரவிவிட்டது, இனி ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது என்றும் சொன்னாய். நான் இழுத்தேன். நீ சத்தம் போட்டாய். "குரல் போனா போகட்டும்ப்பா, ஆளு இருக்கணும். எழுதிக் காட்டிக்கலாம்லா," என்றாய். அதற்குமேல் எனக்கு இருமல்தான் வந்தது. நீ பயத்தில் சொன்னாய், பாசத்தில் சொன்னாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உன் அப்பனுக்கு எழுதத் தெரியாது என்பது உனக்கு மறந்துபோயிருக்கிறது. மறந்ததில் ஒரு சந்தோஷமும் உண்டு எனக்கு. எழுதத் தெரியாதவன் வீட்டில் வளர்ந்த மாதிரி நீ வளரவில்லை என்றுதானே அர்த்தம். இருந்தாலும் யோசித்துப் பார். குரல்வளையை எடுத்துவிட்டால் எனக்கு ஒரு டீ வேண்டும் என்று எப்படிச் சொல்லுவேன்? எழுதிக் காட்டு என்றால் எதை எழுத? வெண்டைக்காய் வேண்டுமென்றால் வெண்டைக்காய் படம் வரையவா?

கத்தி ஆகாது என்று நான் சொல்லவே இல்லை, அதை நன்றாகக் கேட்டுக்கொள். வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் வெட்டட்டும். ஆனால் நீ எந்த ஸ்கேன் படத்தை வைத்துத் தேதி குறித்தாயோ, அந்தப் படத்தைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. அது எனக்கும் கடையத்துக்காரர் ஒருவருக்கும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பிறகு பார்த்தால் உன் அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலிலிருந்தே சொல்கிறேன், அவசரப்படாமல் படி.

தொண்டை கம்மத் தொடங்கியபோது சாரல் காலத்துச் சளி என்றுதான் நினைத்தேன். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவனுக்குத் தொண்டை கம்முவது ஒரு சங்கதியா? காலையில் கமிஷன் கடை முன்னால் மூட்டை இறங்க ஆரம்பித்தால் கடைசி மூட்டை போகும்வரை வாய் மூடுவதில்லை. வெந்நீர் குடித்தேன், மிளகு கடித்தேன். கடைக்காரர்கள் கேலி பேசினார்கள். "என்ன அண்ணாச்சி, தொண்டையில தக்காளி எதும் மாட்டிக்கிட்டா?" என்று ஒருவன் கேட்பான். "அழுகுன தக்காளியா இருக்கும், பாதி விலைக்குத் தாரும்," என்று இன்னொருவன் சொல்வான். நானும் சிரித்தேன். உன் அம்மாதான் சிரிக்கவில்லை. தென்காசியில் ஒரு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார், ஒரு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார், திருநெல்வேலிக்குப் போகச் சொன்னார். அதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான்.

திருநெல்வேலியில் பார்க்கிற டாக்டரம்மா உன் வயசுதான் இருப்பாள். என் முன்னால் ஒரு தாளை வைத்துத் தொண்டையைப் படமாய்ப் போட்டாள். குரல் வருகிற இடத்தில் இரண்டு மடிப்பு இருக்கிறதாம், கதவு மாதிரி திறந்து மூடுமாம். அதில் இடது மடிப்பில் கட்டி. "ரெண்டு வழி இருக்கு ஐயா," என்றாள். ஒன்று குரல்வளையை எடுத்துவிடுவது. கழுத்தில் துளை வழியாக மூச்சு விடவேண்டும். பேசுவதற்குக் கருவி இருக்கிறது, பழகிக்கொண்டு பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்னொன்று கதிர்வீச்சு, கதிர் வைப்பது என்கிறார்கள், கூடவே வாராவாரம் மருந்து ஏற்றுவது. குரல் தங்க வாய்ப்பு உண்டு. "ஆனா எல்லாக் கட்டியும் கதிருக்குக் கட்டுப்படாது. சிலது கரையும், சிலது அப்படியே கிடக்கும். முன்னாடி எல்லாம் முழுசா வச்சு முடிச்சு, பல வாரம் கழிச்சுத்தான் தெரியும். இப்ப ஆரம்பத்துல ஒரு படம், பாதி வழியில ஒரு படம் எடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கோம். கட்டி எந்தப் பக்கம் போகும்னு ஓரளவு முன்னாடியே தெரியும். கட்டுப்படாதுன்னு பட்டா, வீணா வச்சுக்கிட்டே இருக்காம ஆபரேஷனுக்குப் போயிருவோம்," என்றாள். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. குருட்டாம்போக்கில் போகச் சொல்லவில்லை, பார்த்துப் பார்த்துப் போவோம் என்கிறாள்.

அந்தப் படம் எப்படி என்றால், ஊசியில் சீனி மாதிரி ஒன்றை ஏற்றுகிறார்கள். அதோடு வெளியே தெரிகிற மாதிரி ஒரு சாமான் ஒட்டிக்கொண்டிருக்குமாம். கட்டி பெருந்தீனி தின்கிற சாதி. மற்ற இடம் ஒரு வாய் தின்றால் அது ஒன்பது வாய் தின்னும். தின்கிற இடமெல்லாம் படத்தில் வெளிச்சமாய்த் தெரியும். இதைச் சொல்லிவிட்டு, படம் எடுக்கிற அன்றைக்கு வெறும் வயிற்றில் வரவேண்டும், தண்ணீர் தவிர ஒன்றும் ஆகாது, சீனி அறவே ஆகாது என்றார்கள். உன் அம்மா தலையை ஆட்டினாள். மறுநாள் விடியுமுன் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். குற்றாலத்து மலையிலிருந்து வருகிற காற்று தென்காசி பஸ் ஸ்டாண்டில் எலும்புக்குள் போனது. திருநெல்வேலி போனதும் நர்ஸ் விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க தாத்தா?"

நான் வாயைத் திறக்குமுன் உன் அம்மா, "ஒண்ணும் சாப்பிடலம்மா. கருப்பட்டிக் காப்பி மட்டுந்தான்," என்றாள்.

"அதுல இனிப்பு இல்லையா ஆச்சி?"

"சீனிதானே கூடாதுன்னிய? இது கருப்பட்டிலா!"

அந்த அறையில் சிரிக்காதவர் இல்லை. எங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடுத்த நாள் வரச் சொல்லி. இப்போது இதை எழுதும்போது, "இதெல்லாம் அவனுக்கு எதுக்கு?" என்று பேனாவைக் கீழே வைக்கிறாள். எழுதுட்டீ, உன் தப்பை எழுதினால்தானே என் தப்பு சின்னதாகத் தெரியும் என்றேன். எழுதுகிறாள்.

முதல் படத்தில் இடது பக்கம் மட்டும் பீடி நுனி அளவுக்கு ஒரு தணல். மற்றதெல்லாம் இருட்டு. பிறகு எனக்கு ஒரு முகமூடி செய்தார்கள். வலை போட்ட பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி, முகத்திலும் கழுத்திலும் அழுத்தினால் அப்படியே என் மூஞ்சியாய் இறுகிப்போனது. தினமும் அதை மாட்டி மேஜையோடு பூட்டிவிடுவார்கள், கதிர் இம்மி பிசகாமல் அதே இடத்தில் விழ. வலி ஒன்றும் இல்லை. தினமும் போகிற வழியில் பஸ் பாவூர்சத்திரத்தில் நிற்கிறதே, அதுதான் வலி. ஜன்னல் வழியாக ஏலச் சத்தம் வரும். என் இடத்தில் வந்திருக்கிற பையன் மைக் வைத்து ஏலம் விடுகிறான். மைக்! மார்க்கெட் முழுக்க வெறும் வாயால் கேட்க வைத்தவன் நான். உன் அம்மா ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடிவிடுவாள், தூசி வருகிறது என்று சொல்லிக்கொண்டு.

இப்போது பாதி வழிப் படம் எடுத்த அன்றைக்கு வருகிறேன். ஊசி போட்டு ஒரு அறையில் படுக்க வைத்தார்கள். சாய்வு நாற்காலிகள், மங்கலான விளக்கு. படம் எடுக்கிற தம்பி வந்து, "தாத்தா, ஒரு மணி நேரம் பேசக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது, அசையாம படுத்திருக்கணும்," என்றான். காரணமும் சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. நோயாளி ஒழுங்காகப் படுத்திருக்க ஆஸ்பத்திரியில் போடுகிற சட்டம் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாற்காலியில் போர்வைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்த்தால் கடையத்துக்காரர். எத்தனையோ வருஷமாக நம்ம கடைக்குக் கத்திரிக்காய் கொண்டுவருகிறவர். அவருக்கு வயிற்றில் ஏதோ, படம் எடுக்க வந்திருக்கிறார்.

"அண்ணாச்சி, நீங்களா! தொண்டை போயிட்டுன்னு மார்க்கெட்ல பேசிக்கிட்டாவளே."

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.

"ஆமா, பேச்சே வரலையோ. பாவம். புதுப் பையன் மைக் வச்சு ஜோரா விடுதான், கேட்டியளா? இனி மைக்தான் அண்ணாச்சி. உங்க காலம் மாதிரி நரம்பு புடைக்கக் கத்த வேண்டியதில்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. "யாருக்குவே பேச்சு வரல?" என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "உம்ம கத்திரிக்காயை இந்தா இப்ப ஏலம் விடுதேன், கேளும்!" என்று ஆரம்பித்தேன். மெல்லத்தான் தொடங்கினேன். இரண்டு விலை ஏறியதும் பழைய தாளம் வந்துவிட்டது. அவர் சும்மா இருப்பாரா? தானே ஒரு வியாபாரியாகி விலை கேட்டார், அவரே இன்னொரு வியாபாரியாகி ஏற்றினார். கம்மிய தொண்டையில் நான் ஒரு தரம், இரண்டு தரம் சொல்லி, மூன்றாவது தரத்துக்கு உள்ளங்கையால் நாற்காலியை அடித்தேன். கதவு திறந்தது. அந்தத் தம்பி எட்டிப் பார்த்து, "இங்க யாரு பேசுனது?" என்றான். கிழவர்கள் இரண்டு பேரும் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தோம். கடையத்துக்காரர் குறட்டைகூட விட்டார்.

அன்றைக்கு எடுத்த படத்தின் ரிப்போர்ட்தான் உன் போனுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் உன் நம்பரைக் கொடுத்தது நீதான், அதனால் எனக்கு முன்னால் உனக்கு வந்தது. இரண்டு மடிப்பிலும் வெளிச்சம் என்று இருந்ததை நீ போனிலேயே தேடிப் பார்த்து, பரவிவிட்டது என்று முடிவு கட்டினாய். முதலில் இடது, இப்போது இரண்டும் என்றால் வேறு என்ன நினைப்பாய்? நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் அம்மா அடுப்பை அணைக்காமலே அழுதுகொண்டு நின்றாள்.

டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். நெற்றியைச் சுருக்கிக்கொண்டே பேசினாள். "இடது பக்கம் வெளிச்சம் குறைஞ்ச மாதிரி இருக்கு ஐயா. ஆனா ஒண்ணுமே இல்லாத வலது பக்கத்துல புதுசா வெளிச்சம். ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி ஒரே போல இருக்கு. கட்டி இப்படி ஒரே அளவா பரவுறது அபூர்வம். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிற கம்ப்யூட்டரும் தெளிவா ஒண்ணும் சொல்லல. ஊசி போட்ட பிறகு நீங்க பேசினீங்களா?"

"இல்லம்மா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? இந்த வயதில், இந்த நோயை வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் படுத்துக் கத்திரிக்காய் ஏலம் விட்டேன் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்ல? உன் அம்மா வேறு பக்கத்தில் இருந்தாள். டாக்டரம்மா "சரி" என்று எழுதிக்கொண்டாள். "அப்படின்னா நான் யோசிக்கணும் ஐயா. இது உண்மையாவே கட்டியோட வெளிச்சம்னா, கதிருக்குக் கட்டுப்படலன்னுதான் அர்த்தம். ஆபரேஷன்னு சொல்ல வேண்டி வரலாம்."

வெளியே வந்தோம். நாலு எட்டு வைப்பதற்குள் உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீங்க உள்ள பேசுனியளா?"

"யாரு சொன்னா?"

"அன்னைக்குக் கடையத்துக்காரர் வெளியில வந்ததும் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? உங்க வீட்டுக்காரருக்குக் குரல் ஒண்ணும் போகல ஆச்சி, இப்பத்தான் என் கத்திரிக்காயை வித்துட்டு வாரார்னு. நான் விளையாட்டுன்னு விட்டுட்டேன். இப்பல்லா புரியுது. போய்ச் சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்லுதேன். நான் சொன்னா ரெண்டு மடங்கு அசிங்கம்."

போனேன். கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், குறட்டை உட்பட. திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "என்ன விலைக்கு ஐயா போச்சு?" என்று கேட்டாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு விளக்கினாள். பேசும்போது இரண்டு மடிப்பும் வேலை செய்யும். வேலை செய்கிற தசை சீனியை இழுக்கும். இழுத்தால் வெளிச்சமாய்த் தெரியும். கட்டி தின்றதா, பேச்சு தின்றதா என்று படத்துக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. "நீங்க சொல்லாம போயிருந்தா, நான் உங்க பேச்சைப் பாத்து உங்க பேச்சை எடுத்திருப்பேன்," என்றாள். செல்வம், வெட்கத்தினால் சொன்ன ஒரு 'இல்லம்மா' என் குரல்வளைக்கு விலை பேசியிருக்கிறது.

அதனால் உனக்கு நான் சொல்கிற முதல் புத்தி இதுதான். டாக்டரிடமும், உன்னை உள்ளே புகுந்து பார்க்கிற எவரிடமும், மானத்துக்குப் பயந்து ஒன்றை மறைக்காதே. அவர்களுடைய மிஷின் பெரிய மிஷின்தான். ஆனால் நீ பேசினாயா இல்லையா என்பதை நீதான் சொல்லவேண்டும். இரண்டாவது, ரிப்போர்ட் வந்தால் முதலில் ஆளைக் கேள், பிறகு போனைக் கேள். நீ எனக்கு ஒரு வார்த்தை, "அப்பா, அன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டிருந்தால் ஒருவேளை நான் உன்னிடம் சொல்லியிருப்பேன். ஒருவேளைதான். உன் அம்மா இங்கே, "சொல்லியிருக்க மாட்டாரு," என்று தானாக ஒரு வரி சேர்க்கப் பார்க்கிறாள்.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். உன் சித்தப்பா. வாயில் புண் வந்து, கதிர் வைத்து, முடிந்துவிட்டது என்று நாம் எல்லாரும் ஆய்க்குடி முருகனுக்கு அபிஷேகம் செய்துவிட்டு வந்தோம். அவன் அன்றைக்குப் பஞ்சாமிர்தத்தை விழுங்க முடியாமல் இலையோடு மடித்து உன் கையில் கொடுத்தான். கட்டி கொஞ்சமும் அசையவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது வெட்டவும் வழியில்லை. முதலிலேயே வெட்டியிருக்கலாமே என்று நீ சொன்னது என் காதில் இருக்கிறது. நீ சொன்னது தப்பில்லை. ஆனால் அவனுக்கு நடுவில் யாரும் பார்க்கவில்லை. கதிர் வைத்ததும் நம்பினோம், முடிந்ததும் முருகனுக்கு எண்ணெய்க் காப்பு சாத்தினோம். எனக்குப் பாதி வழியில் பார்க்கிறார்கள். அவனுக்கு நடந்ததுதான் எனக்கும் நடக்கும் என்று நீ முன்கூட்டியே முடிவு செய்யாதே. ஒரே வீட்டில் பிறந்தோம், அதற்காக இரண்டு கட்டியும் ஒரே குணமாய் இருக்குமா?

இன்னொன்றும் உன்னைக் குழப்பியது. கட்டி அளவில் பெரிதாகக் குறையவில்லை என்று ரிப்போர்ட்டில் இருந்ததே, அது. நானும் அதைத்தான் கேட்டேன். எடை போட்டே பழகியவன் அல்லவா. டாக்டரம்மா சொன்னாள், அளவு பிறகுதான் குறையும், முதலில் குறைவது தீனி. எனக்கு அது சட்டென்று பிடிபட்டது. உள்ளி மூட்டை ஒன்று மழை ஈரத்தில் கிடந்தால் வெளியே பார்க்க வெங்காயம் அப்படியே இருக்கும், கையில் எடுத்து அமுக்கினால் பொசுக்கென்று போகும். அதை அவளிடம் சொன்னேன். "கிட்டத்தட்ட அப்படித்தான் ஐயா, ஆனா எனக்கு அமுக்கிப் பாக்க முடியாது, அதான் படம்," என்றாள்.

பாதியில் நின்று பார்ப்பது பற்றி உனக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். இந்த வீட்டைக் கட்டும்போது நீ சின்னவன். ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியாயிற்று. ஒருநாள் சாரல் அடித்தபோது உன் அம்மா கட்டுமானத்துக்குள் போய் நின்றாள். மேற்கே பார்த்த அடுப்படிக்குள் தூவானம் நேராக வந்து அவள் முகத்தில் விழுந்தது. அங்கேயே சொல்லிவிட்டாள், இந்தச் சுவரை எடுங்க, அடுப்படி கிழக்கே போகட்டும் என்று. கொத்தனார் சிரித்தார். நான் குதித்தேன். "பாதி கட்டுனதை இடிப்பாளாட்டீ ஒருத்தி?" என்றேன். "முழுசா கட்டி முடிச்சிட்டு இடிக்கவா?" என்றாள். இப்போது வெளியே சாரல் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது, அவள் நனையாமல் உட்கார்ந்து எழுதுகிறாள். உனக்கும் மருமகளுக்கும் இப்போது வீட்டில் சத்தம் அதிகம் என்று கேள்வி. உன் வேலையும் உனக்குப் பிடிக்கவில்லை என்று மருமகள் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். நான் அதற்குள் வரவில்லை. முழுசாக முடியட்டும் என்றும் இருக்காதே, ஒரு சத்தத்தைக் கேட்டு வெட்டிவிடவும் செய்யாதே. நடுவில் ஒருநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து, எது வளருகிறது எது வாடுகிறது என்று பாருங்கள். பார்க்கும்போது பொய் சொல்லாதீர்கள்.

இன்றைக்குக் காலையில் அந்தப் படத்தை மறுபடி எடுத்தார்கள். அதே அறை, அதே நாற்காலி. உன் அம்மா வாசல்வரை வந்து, தன் கைக்குட்டையை என் கையில் திணித்து, "பேச்சு வந்தா இதைக் கடிச்சிக்கிடுங்க," என்றாள். "கடிக்கவும் கூடாது ஆச்சி," என்றான் அந்தத் தம்பி. "தாத்தா, இன்னைக்குக் கடை லீவா?" என்று என்னைக் கேட்டான். டாக்டரம்மா எல்லாரிடமும் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. நான் தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் கிடந்தேன். என் வாழ்நாளில் விழித்திருந்து அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை. எதையெல்லாமோ நினைத்தேன். ஐந்தருவிக் கூட்டத்தில் நீ தொலைந்துபோனாயே, அதை நினைத்தேன். அருவிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. உன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன், எத்தனை செல்வமோ திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வெட்கத்தை விட்டுத் தக்காளி ஏலம் விட்டேன். கடலைமாவுக் கடைப் பக்கமிருந்து, "எங்கப்பா! எங்கப்பா!" என்று ஈரத்தோடு ஓடி வந்தாய். பிறகு நீ வேலைக்குப் போனதும், "அப்பா, மெல்லப் பேசுங்க, ஆபீஸ் முழுக்கக் கேக்குது," என்றாய். இரண்டையும் நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா கூடாதா என்று அந்தத் தம்பி சொல்லவில்லை, அதனால் அடக்கிக்கொண்டேன்.

அப்படிக் கிடக்கும்போது ஒரு முடிவும் எடுத்தேன். படம் ஆகாது என்று சொன்னால், நீ குறித்த தேதியே இருக்கட்டும். நானே என் பெருவிரலை மையில் அழுத்தி ரேகை வைப்பேன். அப்பாவைக் கட்டாயப்படுத்திவிட்டேன் என்று நீ பிற்பாடு நினைத்துக்கொண்டு கிடக்கக் கூடாது. எனக்கு அதில் பயம் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்றாள் டாக்டரம்மா. தொண்டை வலிக்கிறது, இன்றைக்கு இவ்வளவு போதும்.

மேலே உள்ளது நேற்றுச் சொன்னது. இன்றைக்குப் போய்வந்தோம். முடிவை உன் அம்மா போனில் ஒரே மூச்சில் உன்னிடம் சொல்லிவிட்டாள், நீ அழுதாய் என்றாள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். டாக்டரம்மா மூன்று படத்தையும் வரிசையாக வைத்தாள். வலது பக்கம் சுத்தமான இருட்டு. இடது பக்கம் அந்தத் தணல் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கிறது. "கட்டுப்படும்னுதான் படம் சொல்லுது ஐயா. நான் சத்தியம் பண்ணித் தர முடியாது, முடிஞ்ச பிறகும் பார்ப்போம். ஆனா இந்த வழியை விட இப்ப ஒரு காரணமும் இல்ல," என்றாள். எனக்கு அது போதும். சென்னை டாக்டரிடம் மரியாதையாகச் சொல்லித் தேதியை விட்டுக்கொடு. அந்த இடம் வேறு யாருக்காவது உயிர் போகிற அவசரமாய் இருக்கும். இந்தப் படங்களை அவருக்கும் அனுப்பு, அவரும் பார்க்கட்டும். ஒளிக்க ஒன்றும் இல்லை.

இனிமேல்தான் தொண்டை வெந்துபோகுமாம். கதிர் முடிந்து சில வாரம்வரை குரல் அறவே போய்த் திரும்புமாம். திரும்பும்போது பழைய குரலாக இருக்காது, கரகரப்பு நிற்கும் என்றாள். நிற்கட்டும். மார்க்கெட்டுக்கு மைக் இருக்கிறது, வீட்டுக்குக் கரகரப்பு போதும். அதுவரை பேசாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள், இந்தத் தடவை காரணத்தையும் காதில் வாங்கிக்கொண்டேன். ஆகவே நீ வழக்கம்போல் போன் பண்ணி, சாப்பிட்டியளா, மருந்து போட்டியளா, அம்மாகிட்டக் கொடுங்க என்று மூன்று வார்த்தையில் முடிக்க முடியாது. நான் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ பேசு. ஆபீஸைப் பற்றிச் சொல், மருமகள் என்ன சமைத்தாள் சொல், உனக்குக் கோபமென்றால் அதையும் சொல். ஆமாம் என்றால் நகத்தால் போனில் ஒரு தட்டுத் தட்டுவேன், இல்லை என்றால் இரண்டு தட்டு. இந்த இரண்டு பதிலுக்குள் அடங்குகிற மாதிரி கேள்வி கேட்டுப் பழகிக்கொள். ஆனால் ஒன்று எனக்குத் தட்டிக் கேட்க வராது. எப்போ ஊருக்கு வருவாய் என்று நான் கேட்க முடியாது, செல்வம். அதை மட்டும் நான் கேட்காமலே நீ சொல்லிவிடு.